வண்டி இறக்க அனுமதி

அன்புள்ள வாசகர்களே, எல்லோரும் சௌக்கியம்தானே? போன வாரம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள், கண்புரை எடுத்துக்கொண்டவர்கள், ஒரு காரணமும் இல்லாமல் காலையில் எழும்போதே கழுத்துப் பிடித்துக்கொண்டவர்கள், எல்லோரும் தேறிவிட்டீர்களா? உட்கார்ந்து வாசியுங்கள். நின்றபடி வாசித்து முடிக்கிற கதை இல்லை இது. இதில் ஓர் அரசு அலுவலகம் வருகிறது.

ஒரு கண்ணாடிக்காரர் இருந்தார். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. வில்லையைத் தேய்த்துத் தேய்த்து, அடுத்தவர் கண்ணுக்கு எது எப்படித் தெரியும் என்று யோசித்தே தலை நரைத்தவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. யாராவது ‘உட்காருங்க’ என்றால், பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்காரப் போகிற சுபாவம். ‘கையெழுத்துப் போடுங்க’ என்றாலும் அப்படித்தான்.

அவருக்கு ஓர் அக்கா. அக்காவின் வேலை பிழை திருத்துவது. அச்சுக்குப் போகிற புத்தகங்களைச் சிவப்புப் பேனாவோடு படித்து, ஒற்று விழுந்த இடத்தில் ஒற்றும், கால் விழுந்த இடத்தில் காலும் போடுவாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் முதுகுத்தண்டில் இறங்கி, அதிலிருந்து அவளுடைய கால்கள் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. சக்கர நாற்காலிதான். “ஊரு எழுத்துக்கெல்லாம் கால் போட்டேன்ல, ஸ்டாக் தீந்துபோச்சு” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நாம் சிரித்தால் மட்டும் முறைப்பாள்.

அக்காவுக்கு ஒரு குட்டி டீசல் கார். உடம்பெல்லாம் தகரம், லேசு. இன்ஜின் மட்டும் இரும்புப் பெட்டி. கியர் தானாக மாறும். பிரேக்கையும் வேகத்தையும் கையாலேயே பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு கம்பி போட்டிருந்தாள். காலால் செய்கிற வேலையை எல்லாம் கைக்கு மாற்றுவது பெரிய மாற்றமில்லையா, அதற்கு லைசென்ஸ் கொடுக்கிற அரசு அலுவலகம் பத்து நிமிடத்தில் அனுமதி கொடுத்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை ஓட்டுவதில் இல்லை, ஏறுவதில். நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து நாற்பத்தெட்டரை சென்டிமீட்டர். காரின் சீட்டு ஐம்பத்திரண்டு. நடுவே ஒரு பலகையைப் பாலமாகப் போட்டு, கையை ஊன்றி நகர்ந்து போக வேண்டும். காரிலிருந்து நாற்காலிக்கு வருவது சறுக்கல், சுகம். நாற்காலியிலிருந்து காருக்குப் போவது மலையேற்றம். மூன்றரை சென்டிமீட்டர் ஒரு மலையா என்று கேட்காதீர்கள். முழு உடம்பையும் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறிப் பாருங்கள். தோள் மூட்டு தேய்ந்துகொண்டே வந்தது. “இப்படியே ஒரு வருஷம் போனா கையும் காலோட சேந்துக்கும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் கொஞ்ச நாளாகக் கண்ணாடிக்காரர்தான் அக்காவைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டிருந்தார்.

“என்னை மூட்ட மாதிரி தூக்காதடா.”

“வேற எப்படித் தூக்கறதுக்கா?”

“தூக்காம இருக்கறது எப்படின்னு யோசி.”

யோசித்தார். நாற்காலியை உயர்த்தினால் முட்டி மேசைக்கு அடியில் போகாது. கார் சீட்டை இறக்கினால் ஸ்டியரிங் நெற்றிக்கு வந்துவிடும், அக்கா குள்ளம். இதற்கு நடுவில் ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய அச்சகம் ஒன்று அக்காவைத் தலைமைத் திருத்துநராகக் கூப்பிட்டது. வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை, தினமும் போக வேண்டும். அடுத்த மாதம் முதல் தேதி, திங்கட்கிழமை, ஒன்பது மணிக்கு. அன்றைக்கு வரவில்லை என்றால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார் என்று பணிவாகச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக்காரர் காலையும் மாலையும் கடையைப் பூட்டிவிட்டுப் போய் அக்காவைத் தூக்கி வைக்க முடியாது. முடிந்தாலும் அக்கா விடமாட்டாள். ஆக, கையில் இருந்தது ஆறு வாரம்.

அப்போதுதான் அக்கா சொன்னாள்: “நாற்காலியையும் சீட்டையும் விடு. வண்டியவே கொஞ்சம் இறக்கினா என்ன?”

ஒரு மெக்கானிக்கிடம் போனார்கள். ஊரில் அவருக்குப் பெயர் சுருள். எதைப் பற்றிப் பேசினாலும் ஸ்பிரிங்கில் வந்து நிற்பார், அதனால் அந்தப் பெயர். வண்டியின் மூக்கை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டு, அது எழுந்து வருகிறதைப் பார்த்தார்.

“மூணு வழி இருக்கும்மா. இருக்கிற ஸ்பிரிங்குல ரெண்டு சுத்த அறுத்து விடறது ஒண்ணு. அத செய்யறவங்க அடுத்த தெருவுல இருக்காங்க. அங்க போறதா இருந்தா, என்கிட்ட பேசினத மறந்துட்டுப் போங்க.”

“ரெண்டாவது?”

“குட்டை ஸ்பிரிங்க மட்டும் வாங்கி, பழைய ஷாக் அப்சார்பர்ல மாட்டறது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. ஸ்பிரிங் ஒரு பக்கம் குதிக்கும், ஷாக் இன்னொரு பக்கம் சலிச்சுக்கும். மூணாவதுதான் சரி. நாலு ஸ்பிரிங், நாலு ஷாக், சேத்துச் செஞ்ச செட்டு. அதுலயும் பெட்ரோல் வண்டிக்குன்னு விக்கிறத வாங்கக்கூடாது. இதே வண்டிதான், ஆனா டீசலுக்கு மூக்குல அம்பது கிலோ கூட. பெட்ரோல் ஸ்பிரிங்கப் போட்டா, கீழ எதையோ தொலைச்ச மாதிரி குனிஞ்சுகிட்டே போகும்.”

“பின்னாடி?” என்றாள் அக்கா.

“பின்னாடி காலி டப்பா. மெத்துனு இருக்கிறதப் போட்டுடலாம்.”

“காலி இல்ல. என் வீல்சேர் பதினாலு கிலோ.”

சுருள் அக்காவை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். “அப்போ பின்னாடியும் ஒரு பிடி கெட்டியா வேணும். கேட்டது நல்லதாப் போச்சு. முப்பத்தஞ்சு மில்லி இறங்கும், ஒரு மில்லி முன்னப் பின்ன.”

“முன்னப் பின்ன எல்லாம் எங்க தொழில்ல கிடையாது.”

“சரி, முப்பத்தஞ்சேதான்” என்று சுருள் சரணடைந்தார். “ஆனா ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டு வந்துடுங்க. ஒரு சின்னக் கையெழுத்துதான்.”

என்ன பொருள் வாங்கப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, தலைப்பில் ‘சஸ்பென்ஷன் ஆர்டர்’ என்று போட்டுக் கொடுத்தார்.

வாகன மாற்ற ஒழுங்குமுறை அலுவலகம் நாலு மாடி. நீளமான கூடத்தில் முப்பது மேசை. கண்ணாடிக்காரர் உள்ளே போனபோது பாதிப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதி, குடித்துக்கொண்டிருந்தவர்கள் முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். விசாரணை என்று எழுதிய மேசையில் போய், “ஐயா, சஸ்பென்ஷன் ஆர்டர் கொண்டு வந்திருக்கேன்” என்றார்.

அவ்வளவுதான். கூடம் கப்சிப். பதினைந்து டம்ளரும் பதினைந்து இழுப்பறைக்குள் போயின. ஒருவர் எழுந்து நின்று, நேற்றைய தேதியில் இன்றைக்குக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். இன்னொருவர் மெல்லப் பக்கத்தில் வந்து, “யாருக்கு சார்? எனக்கா? குடும்பஸ்தன் சார்” என்று காதைக் கடித்தார்.

“வண்டிக்குங்க” என்றார் கண்ணாடிக்காரர்.

டம்ளர்கள் வெளியே வந்தன. ஆனால் அந்த ஐந்து நிமிடம் அந்தக் கூடத்தில் வேலை நடந்தது என்று வயதான ஊழியர்கள் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

படிவம் கொடுத்தார்கள். ‘பொருள்’ என்ற இடத்தில் பதின்மூன்று கட்டம். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, சொல்லுக்கு நடுவே ஒரு கட்டம் காலி. வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவின் எதிரில் வைத்து நிரப்பினார். ‘வண்டியை இறக்க அனுமதி’ என்று எழுதினால் பதினாலு வந்தது.

“யை-ய எடுத்துடறேன்கா. ‘வண்டி இறக்க அனுமதி’. கச்சிதமா பதிமூணு.”

“எடுக்காத. கட்டம் பத்தலன்னா கட்டத்த மாத்தணும், இலக்கணத்த இல்ல.”

“புரியாதாக்கா என்ன? வண்டிக்கான ஆபீஸ்தானே?”

அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டாள். கண்ணாடிக்காரர் யையை எடுத்துவிட்டார்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு போய், வாசலில் நிறுத்திவிட்டு, படிவத்தைக் கொடுத்தார். இரண்டாவது மாடிக்கு அனுப்பினார்கள். மேசையில் இருந்த எழுத்தர் வாசித்துவிட்டுச் சிரித்தார். “இறக்க அனுமதின்னு எதுக்கு சார் நீட்டி முழக்கறீங்க? இறக்குமதின்னு போட்டா மூணு கட்டம் மிச்சம்.” சொல்லிக்கொண்டே கோப்பின் மேல் அப்படியே எழுதிவிட்டார். தலைக்கு மேலே பலகையில் ‘இறக்குமதிப் பிரிவு’ என்று இருந்தது.

“எந்த நாட்டுலேருந்து இறக்கறீங்க?”

“நாட்டுலேருந்து இல்லீங்க. இப்ப இருக்கிற உயரத்துலேருந்து.”

எழுத்தர் கணினியில் நாடுகளின் பட்டியலை மேலும் கீழும் ஓட்டினார். “உயரம்... உ-வுல அப்படி ஒரு நாடு இல்லையே.”

“உயரம் நாடு இல்லீங்க.”

“அங்கீகாரம் கிடைக்காத நாடா? அதுக்கு ‘பிற’ன்னு போடணும்.” போட்டார். “வண்டி இப்ப எங்க இருக்கு?”

“வாசல்ல நிக்குதுங்க.”

“வந்துடுச்சா? அனுமதி இல்லாமயா?”

“ரெண்டு தெரு தள்ளி இருக்கிற கடையில வாங்கினதுங்க. நாலு வருஷம் ஆச்சு.”

“நாலு வருஷமா அனுமதி இல்லாம இருக்கு” என்று எழுத்தர் எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க நல்லவர் மாதிரி தெரியறீங்க. ஒண்ணு பண்ணுங்க. வண்டிய கேட்டுக்கு வெளிய எடுத்துட்டுப் போயி, இந்தத் தாளோட மறுபடி உள்ள கொண்டு வந்துடுங்க. வந்து சேந்ததா முத்திரை குத்திடறேன்” என்றார்.

கண்ணாடிக்காரர் இறங்கிப் போய், காரை வாசலுக்கு வெளியே ஓட்டி, திருப்பி, உள்ளே கொண்டுவந்தார். காவலாளி சலாம் வைத்தார். எழுத்தர் வெளியே வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து, “பயணம் எல்லாம் சுகமா?” என்று கேட்டு முத்திரை குத்தினார்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: ‘மேற்படி வண்டி ஏற்கெனவே இறங்கியிருப்பதால் மேற்கொண்டு இறக்க இயலாது.’

கண்ணாடிக்காரர் அரை நிமிடம் நம்பிவிட்டார். வெளியே போய் டேப்பை வைத்து அளந்தார். ஐம்பத்திரண்டு.

மறுபடியும் போனார். “ஐயா, இது இறக்குமதியே இல்லீங்க.” எழுத்தருக்கு வருத்தமாகிவிட்டது. “இத முதல்லயே சொல்லக்கூடாதா சார்? எவ்வளவு நேரம் வீண்.” கோப்பின் மேல் ‘இறக்குமதி அன்று, வெறும் இறக்க’ என்று எழுதி, மூன்றாவது மாடிக்கு அனுப்பினார். மூன்றாவது மாடி, ஆயுள் முடிவுப் பிரிவு. ஓடி ஓய்ந்த வண்டிகளுக்குக் கணக்கு முடிக்கிற இடம்.

அங்கே ஓர் அம்மையார். குரல் பஞ்சு மாதிரி. மேசைமேல் கைக்குட்டைகள் மடித்து வைத்திருந்தார்.

“உட்காருங்க. தண்ணி குடிங்க. எப்ப ஆச்சு?”

“எதுங்க?”

“வண்டி.”

“இன்னும் ஒண்ணும் ஆகலீங்க. நீங்க அனுமதி கொடுத்தா அன்னைக்கே ஆயிடும். மெக்கானிக் ரெடியா இருக்காரு.”

அம்மையார் எழுதுவதை நிறுத்தினார். “மெக்கானிக்கா செய்யறாரு?”

“அரை நாள் வேலையாங்க. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, நாலையும் கழட்டிடுவாரு. பக்குவமா செய்வாரு, தொழில் தெரிஞ்சவரு.”

“நாலு வயசுதானே சார் ஆகுது?”

“எங்க அக்காவுக்காகத்தாங்க. வண்டி உயரமா இருக்கிறதால அவங்களுக்குத் தோள் வலி.”

“அதுக்காகவா” என்று அம்மையார் ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். “சரி, அனுமதி கேட்டு இறக்கறது நல்ல பழக்கம். நிறைய வண்டி சொல்லாம கொள்ளாம போயிடுது.”

“முழுசா வேண்டாங்க” என்றார் கண்ணாடிக்காரர், வேலை கைகூடி வருகிற சந்தோஷத்தில். “மூணரை சென்டிமீட்டர் போதும்.”

அம்மையார் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “கொஞ்சமா இறக்கறதுக்கு எங்ககிட்ட படிவம் இல்லையே. முழுசாத்தான் இருக்கு. பரவாயில்லையா?”

“எதுவோ ஒண்ணு, சீக்கிரம் முடிஞ்சாச் சரிங்க.”

“எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. இங்க, இங்க, அப்புறம் இங்க.”

காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். அம்மையார் எழுந்து நின்று வழியனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் இருவர் வந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காரின் முன் கண்ணாடியில் ஒரு கறுப்புத் தாளை ஒட்டினார்கள். ‘காலமான வாகனம். ஓட்டக்கூடாது.’ கூடவே ஓர் இரங்கல் கடிதம். அதன் கடைசி வரி: ‘காலமான வாகனத்தை நம்பியிருந்தோர் ஏழு நாளுக்குள் இரக்கப் பிரிவை அணுகலாம்.’

அக்கா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள், பிறகு மூடி வைத்துவிட்டாள். திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. “நல்லாத்தான் எழுதியிருக்காங்க” என்றாள். “பெரிய ற தேஞ்சு சின்ன ர ஆயிடுச்சு. இறக்கத்துலேருந்து இரக்கத்துக்கு வந்துட்டோம். போயிட்டு வா.”

நாலாவது மாடியில் இரக்கப் பிரிவு அதிகாரி சிரித்த முகத்துக்காரர். நல்ல செய்தி சொல்வதற்கென்றே நியமிக்கப்பட்டவர் மாதிரி இருந்தார்.

“காலமானவர் பார்த்த வேலையை வாரிசுக்குக் குடுக்கறது எங்க கடமை சார். வண்டி என்ன வேலை பாத்துக்கிட்டு இருந்துச்சு?”

“எங்க அக்காவ ஏத்திக்கிட்டுப் போகுங்க.”

“அத நம்பி இருந்தவங்க யாரு?”

“அக்காதாங்க.”

“பிரமாதம். இனிமே அக்காவ அக்காவே ஏத்திக்கிட்டுப் போகலாம்.” படிவத்தைப் பார்த்தார். “தகுதின்னு ஒண்ணே ஒண்ணுதான். சக்கரம் இருக்கணும். அவங்களுக்கு இருக்கா?”

“நாற்காலிக்கு நாலு இருக்குங்க. ஆனா...”

“வண்டிக்கும் நாலுதானே? பாருங்க, எப்படி அமைஞ்சு வருதுன்னு. டீசலும் மிச்சம்.” இழுப்பறையைத் திறந்து ஒரு பளபளப்பான நம்பர் பிளேட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். காரின் நம்பர்தான். “நாற்காலிக்குப் பின்னாடி மாட்டணும். மாட்டாம ரோட்டுக்கு வந்தா அபராதம். அக்காவுக்கு என் வாழ்த்தச் சொல்லுங்க.”

அன்று வியாழக்கிழமை. முதல் தேதிக்கு நாலு நாள். கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்து, நம்பர் பிளேட்டை மேசைமேல் வைத்தார். அக்கா அச்சகத்துக்குப் போன் போட்டு ஒரு வாரம் தவணை கேட்டிருந்தாள் போல. “திங்கள்னா திங்கள்தானாம்” என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. தோளை மட்டும் இன்னொரு கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“என் தப்புதாங்கா. கண்ட இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.”

“நாளைக்கு அந்த ஆபீஸ் ஆணையர் குறை கேக்கற நாளாமே. எத்தன மணிக்கு?”

“பதினொண்ணுலேருந்து பதினொண்ணு பத்து வரைக்கும்.”

“நானும் வரேன்.”

“கார ஓட்டக்கூடாதே. டாக்ஸி கூப்பிட்டா உன்னத் தூக்கி உள்ள...”

“தூக்க வேண்டாம். நான்தான் இப்ப வண்டியாச்சே. அந்தத் தகட்ட மாட்டிட்டுத் தள்ளு.”

மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனார். நடைபாதையில் ஏறப் போனபோது ஒரு போக்குவரத்துக் காவலர் தகட்டைப் பார்த்துவிட்டு, வண்டிகள் போகிற தடத்துக்கு இறங்கச் சொன்னார். சிவப்பு விளக்கில் இரண்டு லாரிக்கு நடுவே நின்றார்கள். அலுவலக வாசலில், அக்கா சாய்தளம் வழியாகப் போகக்கூடாது, அது நாற்காலிகளுக்கு மட்டும், வண்டிகள் வேகத்தடை வழியாகத்தான் வர வேண்டும் என்று காவலாளி மரியாதையாக வழி காட்டினார். அக்கா சிரித்துக்கொண்டே குலுங்கிக்கொண்டு போனாள். தம்பிக்குத்தான் வியர்த்து வழிந்தது.

ஆணையரின் அறை பெரியது. சுவர் ஓரமாக இறக்குமதி எழுத்தர், ஆயுள் முடிவு அம்மையார், இரக்க அதிகாரி மூவரும் வரிசையாக நின்றார்கள். மணி பதினொன்று. ஆணையர் பேச ஆரம்பித்தார்.

“இந்த ஆபீஸ் வண்டிகளுக்காக இருக்குன்னு நிறைய பேர் தப்பா நினைக்கறாங்க. வண்டி ஓடிடும், அத வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? கோப்பு ஓடாது. வெச்ச இடத்துல இருக்கும். நாங்க அதுக்காக இருக்கோம். நான் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. மாற்ற ஒழுங்குமுறை அலுவலகத்துல இதுவரைக்கும் ஒரு மாற்றம்கூட நடக்க விட்டதில்ல. அனுமதி கேட்டவங்க நாப்பதாயிரம் பேர். எல்லாருக்கும் பதில் போயிருக்கு. கேட்ட கேள்விக்குத்தான் பதில் போகணும்னு விதி எதுவும் இல்ல.”

மூன்று பேரும் தலையாட்டினார்கள். மணி பதினொன்று நாலு.

“ஐயா, எனக்கு வண்டிய மூணரை சென்டிமீட்டர் இறக்கணும், அவ்வளவுதான்” என்றாள் அக்கா.

“முடியாதும்மா. விதி இருபத்திரண்டு.” ஆணையர் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னார்: “சாலையில் ஓடும் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது.”

“புத்தகத்துல அப்படியா இருக்கு?”

“என் கையெழுத்தோட வந்த புத்தகம்மா.”

“ஒரு தடவ படிச்சுக் காட்டுங்களேன்.”

ஆணையர் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். கிட்டத்தில் வைத்தார். தள்ளி வைத்தார். கை எட்டுகிற தூரம் முழுக்கத் தள்ளினார். அந்த அலுவலகத்தில் எதையும் வாசித்து வழக்கமில்லாததால் அவர் கண்ணாடி வாங்கியிருக்கவே இல்லை.

இத்தனை நாளில் தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைக் கண்ணாடிக்காரர் அந்தக் கட்டடத்தில் பார்த்தது அப்போதுதான். அந்தக் கை நீண்ட தூரத்தை ஒரு பார்வை அளந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து, மேசையைச் சுற்றிப் போய், கேட்காமலே ஆணையரின் மூக்கில் மாட்டிவிட்டார். “ரெண்டு பவர் சார். இப்பப் படிங்க.”

“அட” என்றார் ஆணையர். புத்தகத்தில் இருந்த தன் கையெழுத்தை முதல்முறையாகப் பார்த்தவர் போல் சற்றுத் திடுக்கிட்டார். பிறகு வாசித்தார்: “சாலையில் ஓடும் எந்த வண்டியும் இறக்கக் கூடாது.”

“இன்னொரு தடவ.”

“எந்த வண்டியும்... இறக்கக் கூடாது.”

“வண்டியையும் இல்ல, வண்டியும். ஒரு யை இல்ல” என்றாள் அக்கா. “எங்க மனுவுலயும் அதே யைதான் விட்டுப்போச்சு. வண்டி இறக்கன்னு இருந்தத, வண்டி சாகறதுக்குன்னு உங்க ஆபீஸ் படிச்சுது. மூணாவது மாடியில அனுமதியும் குடுத்துது. அப்போ உங்க விதியையும் அதே மாதிரிதானே படிக்கணும்? எந்த வண்டியும் சாகக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கீங்க. நல்ல மனசு. ஆனா வருஷத்துக்கு எத்தன வண்டிக்கு நீங்களே முடிவு எழுதறீங்க?”

ஆணையர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் கைக்குட்டையை எடுத்தார். “நாலாயிரம் சார்” என்றார் அதற்குள்ளிருந்து.

“இது அச்சுப் பிழையா இருக்கும்” என்றார் ஆணையர்.

“அப்படின்னா எழுதிக் குடுங்க. என் கையெழுத்தோட வந்த புத்தகத்துல பிழை இருக்குன்னு. நான் தொழில்முறையா திருத்தித் தந்துடறேன்.”

மணி பதினொன்று எட்டு.

“இந்த ஆபீஸ்ல பிழைன்னு ஒண்ணு நடந்ததே இல்ல” என்றார் ஆணையர் கடைசியில்.

“ரொம்ப நல்லது. அப்போ வண்டிய இறக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட விதியே இல்ல. தடுக்கற விதி இல்லாததுக்கு அனுமதியும் வேண்டாம். அத மட்டும் ஒரு தாள்ல குடுங்க.”

“குடுத்துடலாம். ஆனா உங்க வண்டி காலமாயிடுச்சேம்மா. காலமான வண்டிய எப்படி...”

“எந்த வண்டியும் இறக்கக் கூடாதுன்னு விதி இருக்கே, சார்.”

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல்தான் அவருக்கு யோசிக்க வந்தது. பதினொன்று பத்துக்கு அரை நிமிடம் இருக்கும்போது அவர் முகம் தெளிந்தது.

“காலமாகல” என்றார். “மயக்கம்.”

“மயக்கம்” என்றார் இரக்க அதிகாரி உடனே. “பாவம், நல்ல மயக்கம்” என்றார் அம்மையார். இறக்குமதி எழுத்தர் முத்திரையை எடுத்தார். அடுத்த வாரமே மூன்றாவது மாடியில் பலகையை மாற்றி ‘மயக்கப் பிரிவு’ என்று எழுதிவிட்டார்கள் என்று கேள்வி. இப்போது அங்கே எந்த வண்டியும் சாவதில்லை. நாலாயிரம் வண்டி வரிசையாக மயங்கிக் கிடக்கிறது.

சனிக்கிழமை காலையிலேயே காரைச் சுருளிடம் விட்டார்கள். நாலு ஸ்பிரிங்கும் நாலு ஷாக்கும் மாட்டி, சக்கரங்களின் கோணம் பார்த்து, மூக்கு இறங்கியதற்கு ஏற்ற மாதிரி முன் விளக்கையும் திருத்தி, மத்தியானம் வண்டியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார் அவர். பார்த்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் அமர்ந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா கதவைத் திறந்தாள். டேப்பை அவளே வைத்து அளந்தாள். நாற்பத்தெட்டரை. சுருள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அக்கா பலகையைப் போட்டாள். பழக்கதோஷத்தில் கண்ணாடிக்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் போனார்.

“கையக் கட்டிக்கோ.”

கட்டிக்கொண்டார். அக்கா ஒரு கையைச் சீட்டில் வைத்தாள். ஒரு நகர்வு. இன்னொன்று. மூன்றாவதில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தாள். கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். பலகையை இழுத்துப் பக்கத்து சீட்டில் போட்டாள். கதவைச் சாத்தினாள். முகத்தைத் தம்பி பக்கம் திருப்பவில்லை.

இன்ஜின் கிளம்பியது. நாற்காலியை மடித்துப் பின்னால் வைக்கலாம் என்று கண்ணாடிக்காரர் குனிந்தார். நிமிர்ந்து பார்த்தால் வண்டி இல்லை. தெருமுனையில் விளக்கு மினுக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது.

“அக்கா, நாற்காலி” என்று சொன்னார். கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. சுருள் அதற்குள் அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

ஐந்து நிமிடம் நின்றார். பத்து நிமிடம் நின்றார். வெயில். கால் வலித்தது. வேறு இடமில்லாததால் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அந்த வழியாகப் போன ஒரு பெரியவர் நின்று பார்த்தார், இரக்கப்பட்டார், ஒரு வார்த்தை கேட்காமல் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், எதிர்ப்பக்கம் நிழலில் விட்டார். “பத்திரமா இருங்க தம்பி, யாராவது வருவாங்களா?” என்று சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டார்.

“எங்க அக்கா வருவாங்க” என்றார் கண்ணாடிக்காரர்.

குட்டி டீசல் கார் தெருமுனையில் தெரிந்தது. மெல்ல வந்தது. அக்கா கண்ணாடியை இறக்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். வண்டியை நிறுத்தவில்லை. இன்னொரு சுற்றுப் போனாள்.

உங்களுக்கும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் இப்படி ஒன்று நடந்திருக்காமல் இருக்காது. எந்த மேசை, நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர்கள் எதைக் கொடுத்து அனுப்பினார்கள், வீட்டுக்கு வந்து யாரிடம் சொன்னீர்கள் என்று நடந்தபடியே எழுதி அனுப்புங்கள். அதிகாரியின் பெயர் வேண்டாம். கோபத்தில் எழுதினாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்க எனக்கு நேரம் இருக்கிறது.